மெய்ப்பொருளும் தீம்பொருளும்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சிறுகதை எழுத்தாளர். 9 ஆண்டுகளாக ஒரு நாவலை எழுதுவதும் திருத்துவதுமாக இருந்தவர். "கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்துவிட்டது" என்றார். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்வது போன்ற குரல். விசாரித்தபோது விஷயம் வேறாக இருந்தது. சிற்றிதழ் ஒன்றின் பெயரைத் தாங்கி ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அவருடைய கதையின் மெய்ப்பு என்று ஒரு கோப்பு அதனுடன் இணைக்கப்பட்டிருந்தது. திறந்திருக்கிறார். முழுவதையும் காண ஒரு பொத்தானை அழுத்தும்படி கேட்டது, அழுத்தியிருக்கிறார். அரைமணி நேரத்திற்குள் கணினியில் இருந்த கோப்புகள் அனைத்தும் பெயர் மாறி, திறக்க மறுத்தன. திரையில் ஒரு கடிதம் மட்டும் இருந்தது. இவ்வளவு பிட்காயின் செலுத்தினால் சாவி தரப்படும் என்றது அது.

"இது வைரஸ் அல்ல" என்றேன். சொன்ன நேரம் சரியில்லை. "பெயரைச் சரியாகச் சொன்னால் நாவல் திரும்பிவிடுமா?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. சொற்களின் நுட்ப வேறுபாடுகளுக்காக மணிக்கணக்கில் வாதிடும் நாம், கணினி என்று வந்துவிட்டால் எல்லாத் தீங்கையும் 'வைரஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிடுகிறோம். இது வெறும் சோம்பல் அன்று, இதனால் இழப்பும் உண்டு என்பதே என் துணிபு.

தீங்கு செய்யும் நிரல்களை அறிய இரண்டு கேள்விகள் போதும். உள்ளே எப்படி வருகிறது? வந்தபின் என்ன செய்கிறது? வைரஸ், புழு, ட்ரோஜன் ஆகிய மூன்றும் முதல் கேள்விக்கான விடைகள். மீதிப் பெயர்களில் பெரும்பாலானவை இரண்டாம் கேள்விக்கான விடைகள். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இத்துறை நமக்குப் புரியாத காடாகத் தெரிகிறது.

முதல் மூன்று பெயர்களும் இலக்கியத்தோடு உறவுடையவை என்பது நம்மில் பலர் அறியாதது. டேவிட் ஜெரால்ட் 1972இல் வெளியிட்ட அறிவியல் புனைகதை ஒன்றில், கணினிக்குக் கணினி தாவும் நிரலுக்கு 'வைரஸ்' என்றே பெயர். ஆய்வுலகில் அச்சொல்லை நிலைநிறுத்தியவர் ஃபிரெட் கோஹன். 1984இல் அவர் கட்டுரை வெளிவந்தது. அச்சொல்லை அவருக்குப் பரிந்துரைத்தவர் அவருடைய ஆசிரியர் லென் ஆடில்மன். வைரஸின் இலக்கணம் எளிது. அது தனித்து வாழாது. வேறொரு நிரலிலோ வட்டின் தொடக்கப் பகுதியிலோ ஒட்டிக்கொள்ளும். அந்த நிரல் இயங்கும்போதுதான் அதற்கு உயிர். இன்னொரு கணினிக்குச் செல்ல வேண்டுமானால் யாராவது அந்தக் கோப்பையோ வட்டையோ கொண்டுபோக வேண்டும். 1982இல் ரிச் ஸ்க்ரென்டா என்ற 15 வயது அமெரிக்க மாணவர் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதிய எல்க் க்ளோனர் அப்படி நெகிழ்வட்டுகளின் வழியே பரவியது. ஒவ்வொரு 50ஆவது முறை கணினியைத் தொடங்கும்போதும் திரையில் அது ஒரு சிறு கவிதையைக் காட்டியது. தனிநபர் கணினிகளில் பரவிய முதல் வைரஸ்களுள் ஒன்று கவிதை சொன்னது என்பதில் நமக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டாகலாம்.

புழு வேறு வகை. அதற்கு ஒட்டிக்கொள்ள இன்னொரு நிரல் வேண்டியதில்லை. சுமந்து செல்ல ஆளும் வேண்டியதில்லை. வலைப்பின்னலில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அதன் வழியே தானாக ஊர்ந்துசெல்லும். ஜான் ப்ரன்னர் 1975இல் எழுதிய 'தி ஷாக்வேவ் ரைடர்' நாவலில் வலைப்பின்னலுக்குள் விடப்படும் ஒரு 'நாடாப்புழு' வருகிறது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஓய்ந்திருக்கும் கணினிகளுக்கு வேலையைப் பகிர்ந்தளிக்க நிரல் எழுதிய ஷாக், ஹப் என்ற இருவர் அந்த நாவலிலிருந்தே பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய கட்டுரை வெளியான ஆண்டு 1982. அவர்களுடைய புழு நல்ல நோக்கத்தோடு பிறந்தது. ஆனாலும் ஓர் இரவு அது கைமீறி, கணினிகளைச் செயலிழக்க வைத்துவிட்டது.

மூன்றாவது ட்ரோஜன். ட்ராய் நகரத்து மரக்குதிரை. இது ஒட்டிக்கொள்வதும் இல்லை, ஊர்வதும் இல்லை. நாமே கதவைத் திறந்து உள்ளே அழைக்கிறோம். கணினித்துறையில் இப்பெயர் 1972ஆம் ஆண்டின் அமெரிக்க விமானப்படை அறிக்கை ஒன்றிலேயே காணப்படுகிறது. வர்ஜிலின் காவியத்தைப் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். குதிரையை நகருக்குள் இழுத்துவந்தது அதன் சக்கரங்கள் அல்ல. சைனன் என்ற கிரேக்கன் கண்ணீரோடு சொன்ன பொய்க்கதை. கதையை நம்பியபின் மதிலை இடித்து வழிசெய்தவர்கள் ட்ராய் மக்களே.

கிரேக்கம் வரைக்கும் போகவேண்டியதில்லை. ட்ரோஜனின் முழு இலக்கணமும் பெரியபுராணத்தில் இருக்கிறது. திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்லமுடியாத முத்தநாதன் மெய்யெல்லாம் நீறு பூசுகிறான், சடை முடிக்கிறான், புத்தகக் கட்டுக்குள் ஆயுதத்தை ஒளித்துக்கொள்கிறான். வேடத்தைக் கண்ட வாயிற்காவலர்கள் வழிவிடுகிறார்கள். கடைசி வாயிலில் தத்தன் மட்டும் தடுக்கிறான். அரசர் துயில்கிறார், நேரமறிந்து செல்லவேண்டும் என்கிறான். அவனையும் கடந்து உள்ளே போன முத்தநாதன், உலகில் வேறெங்கும் இல்லாத ஆகமநூல் ஒன்றைக் கொண்டுவந்திருப்பதாகச் சொல்கிறான். அதைச் சொல்லத் தனிமை வேண்டும் என்கிறான். அரசியை அனுப்பிவிட்டு, வந்தவனை உயர்ந்த ஆசனத்தில் அமர்த்தி, தான் கீழே அமர்கிறார் மன்னர். புத்தகத்தை அவிழ்ப்பவன்போல அவிழ்த்து, நினைத்துவந்ததை முடித்துவிடுகிறான் அவன்.

நண்பருக்கு நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதிப்பிற்குரிய வேடம், சிற்றிதழின் பெயர். ஆசைப்பட்ட பொருள், தன் கதையின் மெய்ப்பு. 'தனிமை வேண்டும்' என்பது அந்தப் பொத்தான்: உன் காவலை விலக்கு, எனக்கு உயர்ந்த ஆசனம் கொடு. ஒரு படிகூடத் தவறவில்லை. சேக்கிழார் சிவவேடத்தின் பெருமையைச் சொல்ல வந்தார். வேடம் எப்படி வேலைசெய்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டார்.

இனி இரண்டாம் கேள்வி: உள்ளே வந்தபின் என்ன செய்கிறது? கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணயம் கேட்டால் ரான்சம்வேர். நாம் தட்டும் எழுத்துகளையும் பேச்சையும் கடிதங்களையும் பிறருக்கு அனுப்பினால் உளவு நிரல். அழிப்பது ஒன்றே நோக்கமென்றால் அழிப்பு நிரல். நம் கணினியை நமக்குத் தெரியாமல் யாரோ ஒருவரின் ஏவலாளாக மாற்றி, பல்லாயிரம் கணினிகளோடு சேர்த்து மேய்த்தால் அது பாட்நெட். இயங்குதளத்தின் அடியில் ஒளிந்துகொண்டு மற்றவற்றையும் ஒளித்துவைப்பது ரூட்கிட். இவை கலந்தும் வரும். நண்பருடையது ட்ரோஜனாக வந்த ரான்சம்வேர். 2017 மே 12 அன்று உலகைக் கலக்கிய வான்னாக்ரை, புழுவாக வந்த ரான்சம்வேர். அதே ஆண்டு ஜூன் 27இல் உக்ரைனில் தொடங்கிய நாட்பெட்யா பணயம் கேட்கும் வேடத்தில் வந்த அழிப்பு நிரல். பணம் கொடுத்தாலும் மீட்க வழியில்லை.

இந்தப் பகுப்புகளை அறிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். முதல் பயன், பழியைச் சரியான இடத்தில் வைக்கலாம். 'வைரஸ்' என்ற சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. காய்ச்சலுக்கு ஆசிரியர் இல்லை. வந்தது, தாக்கியது, பரவியது என்று இயற்கைச் சீற்றத்தைப்போல் பேசிவிடலாம். ஆனால் தீய நிரல் ஒவ்வொன்றும் எழுதப்பட்ட பிரதி. யாரோ உட்கார்ந்து, யோசித்து, திருத்தி எழுதியிருக்கிறார்கள். 1986இல் லாகூரின் அல்வி சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' வைரஸுக்குள் அவர்களுடைய பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணுமே இருந்தன. தங்கள் மருத்துவ மென்பொருளைத் திருட்டுப்பிரதி எடுப்பவர்களைக் கண்டுபிடிக்க எழுதியது என்றார்கள். 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் இணையத்தில் விட்ட புழு, அன்றைய இணையத்தின் சுமார் 60,000 கணினிகளில் 6,000 வரை முடக்கியது என்பது அக்காலக் கணிப்பு. புழு ஒரு கணினிக்குள் நுழையும் முன் தன் பிரதி அங்கே ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்கும். யாராவது 'இருக்கிறது' என்று பொய்ப்பதில் சொல்ல வைத்துவிட்டால்? அதற்காக, ஏழில் ஒருமுறை பதிலைப் பொருட்படுத்தாமல் நுழையும்படி எழுதியிருந்தார். அந்த ஒரு வரியால்தான் கணினிகள் பிரதிமேல் பிரதி சுமந்து மூச்சுத்திணறின. இது நோயின் குணம் அன்று, ஓர் ஆசிரியரின் முடிவு. நீதிமன்றமும் அப்படித்தான் பார்த்தது. 1990இல் அவருக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகப்பணியும், 10,050 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

2000ஆம் ஆண்டு மே 4 அன்று மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' புழுவை நம்மில் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். காதல் கடிதம் என்ற பெயரில் ஓர் இணைப்பு. கோப்பின் உண்மையான பின்னொட்டை விண்டோஸ் மறைத்துவிட்டதால் அது சாதாரண எழுத்துக்கோப்பு போலத் தெரிந்தது. திறந்தவரின் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் அவர் பெயரிலேயே அடுத்த காதல் கடிதம் போனது. எழுதியவர் யாரெனத் தெரிந்தும் வழக்கு நிற்கவில்லை. அத்தகைய குற்றத்துக்கு அன்று பிலிப்பைன்ஸில் சட்டமே இல்லை. அடுத்த மாதம்தான் இயற்றினார்கள். பெயரில்லாத குற்றத்துக்குத் தண்டனை இல்லை என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

எழுதியவரோடு பழி முடிந்துவிடுவதும் இல்லை. வான்னாக்ரை நுழைந்த ஓட்டையை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை முன்பே அறிந்திருந்தது. அறிந்தும் தன் உளவுத் தேவைக்காக அதை நுழையும் கருவியாக்கிப் பூட்டிவைத்திருந்தது. அந்தக் கருவி களவுபோய் 2017 ஏப்ரலில் வெளியே கொட்டப்பட்டது. மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே ஒட்டுப்போட்டிருந்தாலும் உலகெங்கும் ஏராளமான கணினிகளில் அந்த ஒட்டு ஏறவில்லை. விளைவு, சுமார் 150 நாடுகள். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் 19,000க்கும் மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்ற மதிப்பீடு அந்நாட்டுத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கையில் வெளிவந்தது. எழுதியவர், ஓட்டையை ஒளித்தவர், ஒட்டுப்போடாதவர் என்று இத்தனை பேர் இருக்க, மறுநாள் நம் நாளிதழ்கள் எழுதிய எழுவாய் ஒன்றே: 'வைரஸ் தாக்கியது.'

பழி கடைசியில் வந்து சேர்வது பெரும்பாலும் பொத்தானை அழுத்தியவர் தலையில். 'கண்டதையும் திறக்காதே' என்ற உபதேசத்தில் பொருளுண்டு. ஆனால் அது முழு உண்மை அன்று. நாட்பெட்யா, எம்.ஈ.டாக் என்ற உக்ரைனியக் கணக்கு மென்பொருளின் முறையான புதுப்பித்தல் வழியாகவே வந்தது. புதுப்பித்துக்கொள் என்பது நாம் எல்லோருக்கும் சொல்லும் அறிவுரை; அந்த வேலியே பயிரை மேய்ந்தது. இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்தின் பெகாசஸ் உளவு நிரல் அதற்கும் ஒருபடி மேலே. அதன் ஒரு வடிவம் ஐபோனுக்குள் எந்தப் பொத்தானும் அழுத்தப்படாமலே நுழைந்ததைக் கனடாவின் சிட்டிசன் லேப் 2021இல் கண்டறிந்தது. அங்கே மெய்ப்பொருளார் கதவைத் திறக்கவே இல்லை. ஏமாந்தவரைக் கேலிசெய்யும் முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் பயன், பொதுவாழ்வில் சரியான கேள்வியைக் கேட்கலாம். 2019 அக்டோபர் இறுதியில் கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றி ஒரு செய்தி பரவியது. அணு உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியுலகோடு இணைக்கப்படாதது, அதன்மேல் இணையத் தாக்குதல் சாத்தியமில்லை என்று 29ஆம் தேதி நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது. மறுநாள் இந்திய அணுமின் கழகம் தன் அமைப்பில் தீம்பொருள் கண்டறியப்பட்டது உண்மை என்றது. நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினியில்தான் அது இருந்தது, செப்டம்பர் 4ஆம் தேதியே தகவல் கிடைத்துவிட்டது என்றும் சொன்னது. இரண்டு அறிக்கைகளும் இலக்கணப்படி ஒன்றையொன்று மறுக்கவில்லை. அது 'டிட்ராக்' என்ற உளவு வகை என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அப்படியானால் கேட்டிருக்கவேண்டிய கேள்வி, உலை வெடிக்குமா என்பதன்று. எவை களவுபோயின, யாரிடம் போயின என்பது. நாமோ 'அணு உலையில் வைரஸ்' என்று இரண்டு நாள் பதறிவிட்டு, மூன்றாம் நாள் மறந்துபோனோம். சரியான சொல் கையில் இல்லாதவர்கள் அதிகாரத்தை நோக்கிச் சரியான கேள்வியை வைக்கமுடியாது.

மால்வேருக்குத் தமிழில் 'தீம்பொருள்' என்ற சொல் வழக்கில் வந்திருக்கிறது. தீம்பு என்பதை எண்ணி ஆக்கினார்களோ என்னவோ. தீவினை, தீச்செயல் என்று தீமையைக் குறிக்கும் இடத்தில் மெல்லெழுத்துத் தோன்றுவதில்லை. தீம்பால், தீங்கனி, தீந்தமிழ் என்று இனிமையைக் குறிக்கும்போதே தோன்றுகிறது. ஆகவே மரபை அறிந்த காதுக்குத் தீம்பொருள் என்றால் இனிய பொருள். பிழையான ஆக்கம் என்று முதலில் எரிச்சல்பட்டேன். இப்போது அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. காதல் கடிதமாகவும் கதையின் மெய்ப்பாகவும் வருவதற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். பெயரைச் சரியாகச் சொன்னால் நாவல் திரும்புமா? சில வேளைகளில் திரும்பும். ரான்சம்வேர்களில் பல குடும்பங்கள் உண்டு. எந்தக் குடும்பம் என்று தெரிந்தால், அதற்கான மாற்றுச்சாவி கிடைக்கக்கூடும். 2016இல் நெதர்லாந்துக் காவல்துறையும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் அத்தகைய சாவிகளை இலவசமாகத் தருகிறார்கள். பூட்டிய கோப்பு ஒன்றையும் பணயக் கடிதத்தையும் ஏற்றினால் குடும்பத்தை அடையாளம் காணவும் உதவுகிறார்கள். அதே ஆண்டு மே மாதம் 'டெஸ்லாக்ரிப்ட்' என்ற ரான்சம்வேரின் கர்த்தாக்கள் கடையை மூடிவிட்டு, மூலச்சாவியைத் தாங்களே வெளியிட்டார்கள். பூட்டிய கோப்புகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தவர்கள் அன்று தப்பித்தார்கள்.

இன்னொரு பாடமும் உண்டு. நாட்பெட்யாவால் மெர்ஸ்க் என்ற கப்பல் நிறுவனத்தின் வலைப்பின்னல் முழுதும் அழிந்தபோது, அதை மறுபடி கட்டியெழுப்பத் தேவையான ஒரு பிரதி கானா நாட்டு அலுவலகம் ஒன்றில் மட்டும் பிழைத்திருந்தது. தாக்குதல் நேரத்தில் அங்கே மின்வெட்டு. அதனால் அந்தக் கணினி இணைப்பில் இல்லை. எழுதுகிறவர்கள் மின்வெட்டை நம்பியிருக்க வேண்டாம். வாரம் ஒருமுறை எழுத்தையெல்லாம் தனி வட்டில் படியெடுத்து, வட்டைக் கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வையுங்கள். கழற்றுவதுதான் முக்கியம். இணைந்தே இருக்கும் வட்டையும் சேர்த்துத்தான் அது பூட்டும்.

நண்பருடைய கோப்புகளைப் பூட்டியது எந்தக் குடும்பம் என்று பிறகு தெரிந்துகொண்டோம். அதற்கு இன்றுவரை சாவி வரவில்லை. அவர் பணயம் கொடுக்கவில்லை. பழைய அச்சுப்படிகளிலிருந்தும் நினைவிலிருந்தும் நாவலைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார், பாதியைக் கடந்துவிட்டார். பூட்டிய கோப்புகள் இருக்கும் வட்டை ஓர் உறையில் போட்டு, அந்தக் குடும்பத்தின் பெயரை மேலே எழுதி வைத்திருக்கிறார். மாதம் ஒருமுறை அந்தத் தளத்தில் அப்பெயரைத் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்.